ஒரு பெயரும் விடுபடாத பயணத் திட்டம்

(குறுவள மைய ஆசிரியர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஓராண்டுக்கான களப்பயணங்களையும் விடுமுறை நாள்களையும் எப்படித் திட்டமிடுவது என்பதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். திட்டத்தைச் சொல்வதற்கு முன்னால் நான் செய்த ஒரு தவற்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தத் திட்டமே அதிலிருந்து வந்ததுதான்.

சில ஆண்டுகளுக்கு முன்பு ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை ஒரு பொழுதுபோக்குப் பூங்காவுக்கு அழைத்துச் சென்றோம். தலைக்கு 850 ரூபாய். 46 பேரில் 29 பேர் பணம் கட்டினார்கள். மற்ற 17 பேருக்கும் ‘விருப்பமில்லை’ என்று எழுதிக்கொண்டோம். திங்கட்கிழமை தமிழ்ப் பாடவேளையில் ‘நான் சென்ற சுற்றுலா’ என்று கட்டுரை எழுதச் சொன்னேன். வராத பிள்ளைகளும் அதே வகுப்பில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

அன்று இரவு திருத்தும்போது ஒரு கட்டுரை தனியாகத் தெரிந்தது. பேருந்தில் பாடிய பாட்டு, தண்ணீர்ச் சறுக்கில் இறங்கும்போது அடிவயிற்றில் வந்த பயம், மதியம் பகிர்ந்து சாப்பிட்ட புளிச்சோறு என எல்லாம் கண்முன் நின்றன. ‘மிக நன்று’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நோட்டை மூடி அட்டையில் பெயரைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. அந்த மாணவி அன்று பேருந்தில் ஏறவே இல்லை. தோழிகள் சொன்னதைக் கேட்டு எழுதியிருந்தாள். அவளைப் பொய் எழுத வைத்தது நான். அதற்கு ‘மிக நன்று’ போட்டதும் நான்தான்.

அடுத்த ஜூன் மாதம் ஆண்டுத் திட்டம் எழுத உட்கார்ந்தபோது, ‘எங்கே போகலாம்?’ என்பதை இரண்டாவது கேள்வியாகத் தள்ளிவைத்தோம். ‘எல்லாப் பிள்ளைகளும் வர என்ன செய்ய வேண்டும்?’ என்பது முதல் கேள்வியானது. இடம், நாள், செலவு எல்லாம் அதற்குப் பிறகுதான்.

எங்கள் பள்ளி புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறது. நாங்கள் போட்ட நாள்காட்டியைச் சொல்கிறேன். உங்கள் ஊருக்கு ஏற்றபடி இடங்களை மாற்றிக்கொள்ளலாம்.

ஜூன், ஜூலை மாதங்களில் நடந்து போகும் பயணங்கள் மட்டும். பள்ளியைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் கண்மாய், ஊராட்சி அலுவலகம், அஞ்சல் நிலையம், ரேஷன் கடை. செலவு எதுவுமில்லை. கண்மாயின் கரை, மடை, கலிங்கு மூன்றையும் பார்த்து வரைபடம் வரைந்தார்கள். வரிசையில் நடப்பது, துணைக்கு ஒருவரைப் பார்த்துக்கொள்வது, ஆசிரியர் கையை உயர்த்தினால் நிற்பது ஆகிய பழக்கங்களும் இந்த நடைகளில்தான் படிந்தன.

ஆகஸ்டில் ஒரு பேருந்துப் பயணம். திருக்கோகர்ணத்தில் இருக்கும் புதுக்கோட்டை அரசு அருங்காட்சியகம் 1910இல் தொடங்கப்பட்டது. நகரப் பேருந்திலேயே போய்விடலாம். சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதால், நான்கு தாய்மார்களைத் துணைக்கு அழைத்தோம். முதல் முறை போனபோது வெள்ளிக்கிழமை என்று பார்க்காமல் போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பினோம். அன்று அவர்களுக்கு வார விடுமுறை. அதிலிருந்து, எந்த இடமாக இருந்தாலும் முந்தைய வாரம் ஒரு முறை விசாரிக்காமல் கிளம்புவதில்லை.

செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு. அக்டோபர், நவம்பர் மாதங்களில் வடகிழக்குப் பருவமழை. இந்த நாள்களில் வெளியூர்ப் பயணம் வைத்துவிட்டு, மழைக்காக மூன்று முறை தள்ளிவைத்து, பிள்ளைகளை ஏமாற்ற வேண்டாம். ஜூனில் பார்த்த அதே கண்மாய்க்கு, மழை விட்ட ஒரு காலையில், கரைக்கு எட்ட நின்று பார்த்துவிட்டு வந்தோம். ஜூனில் வரைந்த படத்தில் எதுவரை தண்ணீர் ஏறியிருக்கிறது என்று குறித்தார்கள். நீர்நிலை பற்றிய பாடத்தை அதற்குப் பிறகு நான் அதிகம் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பொங்கல் விடுமுறை முடிந்ததும் வேட்டங்குடி. பக்கத்துச் சிவகங்கை மாவட்டத்தில், திருப்பத்தூர் அருகே இருக்கும் பறவைகள் சரணாலயம். வேட்டங்குடி, பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்ன கொள்ளுக்குடிப்பட்டி என்ற மூன்று கண்மாய்கள் சேர்ந்தது. பறவைகள் மிரளக் கூடாது என்று அந்த ஊர் மக்கள் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. இதைச் சொன்னபோது எங்கள் பையன்கள் நம்பவில்லை. அந்த ஊர்ப் பிள்ளைகளிடமே கேட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

பிப்ரவரியில், வெயில் ஏறுவதற்குள் சித்தன்னவாசல். குடைவரைக் கோயிலின் விதானத்தில் தாமரைக் குளம், மீன்கள், யானை, எருமை, பூப்பறிக்கும் மனிதர்கள் என்று ஓவியம் இருக்கிறது. ஏழடிப்பட்டத்தில் சமணர் படுக்கைகளும் தமிழி எழுத்துக் கல்வெட்டும் இருக்கின்றன. மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இத்தகைய இடங்களில் 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு நுழைவுக் கட்டணமில்லை. மலைப்பாதை குறுகலானது. பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் என்ற கணக்கில் பிரித்துத்தான் ஏறினோம்.

மார்ச், ஏப்ரலில் பயணமில்லை. ஆண்டு முழுவதும் வரைந்ததையும் எழுதியதையும் சுவரில் ஒட்டிப் பெற்றோரை அழைக்கிறோம்.

ஆக, வாடகை வாகனம் தேவைப்பட்டது இரண்டு பயணங்களுக்கு மட்டுமே. அதற்கான செலவை ஜூன் மாதமே கணக்கிட்டுப் பள்ளி மேலாண்மைக் குழுவில் வைத்தோம். குழு ஒரு முடிவு எடுத்தது. தலைக்கு இவ்வளவு என்று கேட்பதில்லை. எல்லா வீட்டுக்கும் பெயர் எழுதாத ஓர் உறை போகும். முடிந்ததை வைக்கலாம், வெறும் உறையாகவும் திருப்பித் தரலாம். உறைகளைப் பிரித்து எண்ணுவது குழுவிலுள்ள பெற்றோர். குறைந்ததை முன்னாள் மாணவர்கள் சேர்ந்து கொடுத்தார்கள். எந்த வீடு எவ்வளவு தந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் நல்லது.

மற்றபடி, துறை அனுமதி, பெற்றோர் ஒப்புதல் கடிதம், முதலுதவிப் பெட்டி, பிள்ளைகளின் மருந்து விவரம், குடிநீர், கழிப்பறை வசதி ஆகியவை உங்களுக்குத் தெரிந்தவைதான். கழிப்பறையை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். வளரிளம் பெண் பிள்ளைகள் பயணத்துக்கு வரத் தயங்குவதற்கு அது முக்கியமான காரணம். முன்கூட்டியே ஓர் ஆசிரியை போய்ப் பார்த்து வந்து, ‘இன்ன இடத்தில் வசதி இருக்கிறது’ என்று வகுப்பில் சொன்ன பிறகு தயக்கம் குறைந்தது.

இனி விடுமுறை. விடுமுறை முடிந்து வந்த முதல் நாளில், ‘லீவுக்கு எந்த ஊருக்குப் போனாய்?’ என்று நாம் எல்லோருமே கேட்போம். எங்கும் போகாத பிள்ளை அந்தக் கேள்விக்குத் தலை குனியும், அல்லது ஓர் ஊரைக் கற்பனை செய்யும். நான் இப்போது, ‘என்ன பார்த்தாய்?’ என்று கேட்கிறேன். விடுமுறைக்கு முன்பே ஒரு சிறு வேலையும் கொடுக்கிறேன். அது ஊருக்குப் போனாலும் வீட்டிலேயே இருந்தாலும் செய்யக்கூடியதாக இருக்க வேண்டும். காலாண்டு விடுமுறையில், வீட்டில் மூத்த ஒருவரிடம் அவர் சிறுவயதில் விளையாடிய ஒரு விளையாட்டைக் கேட்டு எழுதுவது. அரையாண்டு விடுமுறையில், ஒரே மரத்துக்கு வரும் பறவைகளை ஐந்து நாள் எண்ணுவது. மாடு மேய்க்கப் போன ஒரு பையன் எழுதிய பறவைப் பட்டியல்தான் சென்ற ஆண்டு எங்கள் வகுப்பில் நீளமானது.

சென்ற பிப்ரவரியில் சித்தன்னவாசலுக்குக் கிளம்பியபோது பதிவேட்டில் 42 பெயர்கள். பேருந்தில் 41 பேர். ஒரு பையனுக்கு அம்மை போட்டிருந்தது. எவ்வளவு திட்டமிட்டாலும் இப்படி ஒன்று நடக்கத்தான் செய்கிறது. அவன் குணமாகி வந்த அன்று வகுப்பில் அவனுக்கு வேறு வேலை கொடுத்தேன். வராதவன் என்ற முறையில், போய் வந்தவர்களிடம் கேட்க 10 கேள்விகள் எழுதச் சொன்னேன். ‘கூரையில் எப்படிப் படுத்துக்கொண்டு வரைந்திருப்பார்கள்?’ என்பது அவனுடைய முதல் கேள்வி. பார்த்துவிட்டு வந்த 41 பேருக்கும் எனக்கும் அந்தக் கேள்வி தோன்றவில்லை. போகாததை மறைக்காமலே அவனும் அந்தப் பயணத்தில் பங்கெடுத்தான்.

வரும் ஜூனில் ஆண்டுத் திட்டம் எழுதும்போது, இடங்களின் பட்டியலுக்கு முன்னால் வருகைப் பதிவேட்டை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் நேராக, ‘இந்தப் பிள்ளை வர என்ன தடை?’ என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள். அது ஒரு மாலை நேர வேலைதான்.