வற்கடமும் பெயர்வும்



இறையனார் களவியலுக்கு வழங்கும் உரையில் ஒரு செய்தி உண்டு. பாண்டிய நாட்டில் பன்னிரண்டு ஆண்டுகள் வற்கடம் நேர்ந்தது. புலவர்களைப் பேண இயலாத அரசன் அவர்களைப் பிற நாடுகளுக்குப் போக்கினான். மழை பெய்தபின் தேடி அழைத்தபோது எழுத்தும் சொல்லும் யாப்பும் வல்லார் கிடைத்தனர். பொருளதிகாரம் வல்லார் மட்டும் கிடைத்திலர். இதனை வரலாறாகக் கொள்ள வேண்டியதில்லை. எனினும், மழை பொய்த்தால் மக்களோடு அறிவும் ஊர்விட்டுப் போகும் என்பதை நம் உரைமரபு உணர்ந்திருந்தது.

வற்கடம் என்னும் சொல்லை வற்றுதல், வறள்தல், வறுமை ஆகியவற்றோடு வைத்து நோக்குவோம். நீர் இல்லாமையும் பொருள் இல்லாமையும் தமிழில் ஒரே வேரில் கிளைத்தவை.

நம் முன்னோர் நினைவில் ஆழப் பதிந்த வற்கடம் 1876இல் தொடங்கியது. அது தாது ஆண்டு. ஆகவே 'தாது வருடப் பஞ்சம்' எனப்பட்டது. அவ்வாண்டு பருவமழை தவறியது. அடுத்த ஆண்டும் தென்மேற்குப் பருவக்காற்று உரிய காலத்தில் மழை தரவில்லை. பசிபிக் பெருங்கடல் நீர் வெப்பமுறும் எல் நினோவே இதற்குப் பெருங்காரணம் என இன்றைய வானிலையியலார் கூறுவர். ஆயினும் மழை மட்டுமே கொன்றதெனில் அது அரைகுறை உண்மை. தானிய ஏற்றுமதி நிறுத்தப்படவில்லை. இருப்புப்பாதை, தானியத்தைப் பசித்தவனிடம் அன்று, விலை கொடுப்பவனிடமே கொண்டு சென்றது. நிவாரணப் பணியில் உழைத்த ஆடவனுக்கு ரிச்சர்டு டெம்பிள் வகுத்த நாட்கூலி ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவுமே. இது உயிர் தாங்காது எனச் சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் வாதாடினார். பின்னரே அளவு உயர்ந்தது. தெற்கிலும் மேற்கிலுமாக மாண்டோர் ஐம்பது இலட்சத்துக்கும் மேல் என்பர். கணக்குக்கு வராத உயிர்கள் எத்தனையோ!

பஞ்ச காலத்தோடு நாம் சேர்த்து நினைக்கும் சொற்களில் ஒன்று 'கஞ்சித்தொட்டி'. 'பஞ்சம் பிழைக்கப் போனார்கள்' என்னும் வழக்கு மற்றொன்று. பிழைத்தல் என்றால் தவறுதல். உயிர் தப்பி வாழ்தலும் அதுவே. தப்பு என்னும் சொல்லும் அவ்வாறே குற்றத்தையும் மீட்சியையும் ஒருங்கே சுட்டுகிறது. மரணம் குறி தவறினால்தான் மனிதன் வாழ்வான் போலும்.

இனிப் பினாங்குக்கு வருவோம். பஞ்சத்தால் விரட்டப்பட்ட நம் முன்னோர் நேரே கப்பலேறி இங்கு வந்தனர் என்று மேடைகளில் கூறுகிறோம். இதனைச் சற்று ஆராய்தல் வேண்டும். பசித்தவன் நடப்பான், கப்பலேறக் கட்டணம் வேண்டும். தாது ஆண்டில் பெருந்திரளாகச் சென்றோர் இலங்கை நோக்கியே சென்றனர். நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு வருவோருக்கு முன்பணம் தந்து பயணத்துக்கு வழிசெய்தவர் ஆள்பிடிப்பவர். செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களில் அக்கடனை ஒப்பந்த உழைப்பால் கழிக்க வேண்டியிருந்தது. அவர்களைச் 'சஞ்சிக்கூலி' என்றனர். உறுதிமொழியைக் குறிக்கும் 'ஜஞ்ஜி' என்னும் மலாய்ச் சொல்லின் திரிபாகவே இதனைக் கொள்ளலாம். அம்முறை 1910இல் முடிவுற்றது. கங்காணி முறை 1938 வரை நீடித்தது.

ஆகவே மழை பொய்த்த ஆண்டும் மக்கள் பெயர்ந்த ஆண்டும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. முதலாண்டில் விதைநெல் உணவாகும். அடுத்து உழவுமாடு விலையாகும். பின்னர் நிலம் அடகாகும். நிலமே இல்லாத பண்ணையாளுக்கோ விற்க உடலுழைப்பு ஒன்றே எஞ்சும். மழை திரும்பியபின்னும் மாடில்லாதவன் எதைக்கொண்டு உழுவான்? சில ஆண்டுகள் கழித்து அவன் மகன் முன்பணம் வாங்கியிருப்பான். கப்பற்பதிவில் பஞ்சம் என்ற சொல் இராது.

அவ்வாறு வந்தவர்களோடு ஒரு சொற்களஞ்சியமும் வந்தது. 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பதை நம் மாணவர் பழமொழியாக மனப்பாடம் செய்வர். பட்டம் என்றால் விதைப்புப் பருவம் என்பதை எத்தனை பேர் அறிவர்? மானாவாரி நிலத்து உழவன் மழையை மில்லிமீட்டரில் அளந்தவன் அல்லன். 'ஓர் உழவு மழை' என்பான்: மண் ஒருமுறை உழும் பதத்துக்கு நனைந்தது என்பது பொருள். மழைமானி வானத்திலிருந்து விழுந்ததைக் கூறும். இச்சொல் நிலத்துள் இறங்கியதைக் கூறும். கரும்பும் ரப்பரும் இவ்வறிவைக் கேட்கவில்லை; எனவே இரண்டு தலைமுறையில் அது மறைந்தது. பொருளதிகாரம் வல்லார் கிடைக்காத கதைக்கு நம் நாட்டுச் சான்று இதுதான்.

உழவை விட்டோம், மழையை விட்டுவிட முடிந்ததா? 2023 ஆகஸ்டில் இந்தியாவில் பெய்த மழை, 1901 முதல் எந்த ஆகஸ்டிலும் பெய்ததைவிடக் குறைவு. அதற்கு முன்பே, ஜூலை 20 அன்று, பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதியை இந்தியா தடுத்திருந்தது. செப்டம்பரில் இங்கு பெர்னாஸ், இறக்குமதி வெள்ளை அரிசியின் விலையை டன்னுக்கு 2,350 ரிங்கிட்டிலிருந்து 3,200 ரிங்கிட்டாக உயர்த்தியது. விலைக் கட்டுப்பாட்டில் இருந்த உள்ளூர் அரிசியை எல்லாரும் நாடவே கடைத்தட்டுகள் வெறுமையாயின.

நீரின் நிலையும் அதுவே. பினாங்கின் குழாய்நீரில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் சுங்கை மூடாவிலிருந்து எடுக்கப்படுகிறது. அவ்வாறு பிறப்பதும் பெரும்பாலும் பாய்வதும் கெடாவில். நீருக்குக் கெடா விலை கேட்கிறது, பினாங்கு மறுக்கிறது. இவ்வழக்கு நடப்பது மழை பெய்யும் ஆண்டுகளில்.