கொழுப்பு குறைந்த யோகட்: யாருக்கு ஏற்றது?

(தோட்டத் தாய்மார் கூட்டத்தில் ஆற்றிய உரை)



டவுன் கடைகளில் 'கொழுப்பு குறைந்தது' என்று எழுதிய யோகட் கப் விற்கிறார்கள். வாங்கலாமா, யாருக்குக் கொடுக்கலாம் என்று பல பேர் எங்களிடம் கேட்கிறீர்கள். அதைப் பற்றிக் கொஞ்சம் பேசுவோம்.

யோகட் என்பது பாலை உறைய வைத்ததுதான். பாலில் உள்ள கொழுப்பில் ஒரு பங்கை முதலில் எடுத்துவிட்டு உறைய வைத்தால் அது கொழுப்பு குறைந்த யோகட். சீனி போடாத அப்படியான யோகட் 100 கிராமில் ஏறத்தாழ 60 கலோரி, 5 கிராம் புரதம், ஒன்றரை கிராம் கொழுப்பு, 180 மில்லிகிராம் கல்சியம் இருக்கும். முழுப்பால் யோகட் என்றால் கொழுப்பு 3 கிராமுக்கு மேல். ஆக, கொழுப்பை எடுத்தாலும் தசைக்கு வேண்டிய புரதமும் எலும்புக்கும் பல்லுக்கும் வேண்டிய கல்சியமும் போய்விடுவதில்லை. பால் குடித்தால் வயிறு ஊதுகிறது என்பவர்களில் பல பேருக்கு யோகட் ஒத்துக்கொள்ளும். உறைய வைக்கிற நல்ல கிருமிகள் பாலில் உள்ள சர்க்கரையில் ஒரு பகுதியைத் தின்றுவிடுகின்றன.

ஆனால் கொழுப்பு குறைவு என்றால் சீனியும் குறைவு என்று நினைத்துவிடக் கூடாது. பழச்சுவை யோகட் ஒரு சின்னக் கப்பில் இரண்டு தேக்கரண்டி சீனி சேர்ந்திருக்கலாம். சீனி வியாதி உள்ள பெரியவர்கள் சீனி போடாததையே சாப்பிட வேண்டும். கப்பில் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரிந்த பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள்.

இரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் கொழுப்பு குறைந்தது வேண்டாம். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மாத்திரமே. அதன் பிறகு சாப்பாட்டோடு யோகட் கொடுப்பதென்றால் முழுப்பாலில் செய்த, சீனி போடாத யோகட்டைக் கொடுங்கள். வளர்கிற பிள்ளைக்கும் அதன் மூளைக்கும் கொழுப்பு தேவை.

இன்னொன்று. யோகட்டில் இரும்புச் சத்து மிகவும் குறைவு. இரத்தக் குறைவுக்கு அது மருந்தாகாது. அதற்குக் கீரை, பருப்பு, மீன், இறைச்சி வேண்டும். கிளினிக்கில் தருகிற இரும்புச் சத்துக் குளிசையை யோகட்டோடும் தேத்தண்ணியோடும் விழுங்காதீர்கள். சத்து உடம்பில் சரியாகச் சேராது. தண்ணீரோடு குளிசையைப் போட்டு, இரண்டு மணித்தியாலம் கழித்து அவற்றைச் சாப்பிடலாம்.

நம் லயங்களில் மாடு வளர்க்கிற குடும்பங்கள் எத்தனையோ! கறந்த பால் முழுவதையும் விற்பனைக்கு ஊற்றிவிட்டு, பிள்ளைக்குக் கடையில் ஒரு கப் யோகட் வாங்குகிறோம். காசு வேண்டும், உண்மைதான். ஆனாலும் அரைப் போத்தல் பாலையாவது வீட்டுக்கென்று ஒதுக்குங்கள். நன்றாகப் பொங்கக் காய்ச்சி, விரல் பொறுக்கிற சூட்டுக்கு ஆறியதும் மேலே படிந்த ஆடையை எடுத்துவிட்டு, ஒரு கரண்டி உறைமோர் விட்டுக் கலக்குங்கள். நம்ம மலைக் குளிருக்குச் சட்டியை மூடி, கம்பளியால் சுற்றி வைத்தால்தான் உறையும். கொழுப்பு கொஞ்சம் குறைந்த, சீனி இல்லாத தயிர் உங்கள் வீட்டிலேயே கிடைக்கும். அது பெரியவர்களுக்கு. எடுத்த ஆடையை வீசாமல் சின்னப் பிள்ளையின் சோற்றில் பிசைந்து ஊட்டுங்கள்.

மாடு நம்முடையது, உழைப்பும் நம்முடையது. அந்தப் பாலில் ஒரு பங்கு நம்ம பிள்ளைகளின் வயிற்றுக்கும் போய்ச் சேரட்டும்.