ஒரு வீடு, இரண்டு குட்டிகள், நூற்றியிருபது அண்டை வீடுகள்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ‘பி’ பிளாக் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

 

இந்த ஆண்டு நம் வளாகத்தில் நாய் வளர்க்கும் வீடுகள் கூடியிருக்கின்றன. செக்யூரிட்டி அறையில் இருக்கும் புகார்ப் பதிவேட்டிலும் நாய் பற்றிய பக்கங்கள் கூடியிருக்கின்றன. எங்கள் வீட்டில் எட்டு மாதமாகும் இரண்டு நாட்டு நாய்க் குட்டிகள் இருக்கின்றன. செவலை பெண், கருப்பன் ஆண். ஒரே ஈற்றில் பிறந்தவை. இரண்டு மாதக் குட்டிகளாக வந்தவை. குட்டி எடுக்கலாமா என்று யோசிப்பவர்கள், ஏற்கெனவே வளர்ப்பவர்கள், நாய் என்றாலே பத்தடி தள்ளி நிற்பவர்கள், மூன்று தரப்புக்கும் சேர்த்தே பேசுகிறேன்.

“இரண்டாக எடுத்துவிடுங்கள், ஒன்றுக்கொன்று துணையாக இருக்கும், உங்களுக்கு வேலை குறையும்” என்று பலர் உங்களிடம் சொல்வார்கள். இதில் பாதிதான் உண்மை. இரண்டும் சேர்ந்து விளையாடும். பல்லால் அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதை ஒன்றுக்கொன்று கற்றுக்கொடுக்கும். ஆனால் வேலை குறையாது. ஒன்று குரைத்தால் மற்றொன்றும் குரைக்கும். ஒன்றுக்கு வயிற்றில் பூச்சி என்றால் இரண்டுக்கும் மருந்து. அதைவிட முக்கியமானது இன்னொன்று. எப்போதும் ஒன்றாகவே இருக்கும் குட்டிகள் ஒன்றையொன்று மட்டுமே நம்பி வளரக்கூடும். மனிதர் கூப்பிட்டால் திரும்பாது. ஒன்றை மருத்துவரிடம் தூக்கிப் போனால் மற்றொன்று வீட்டில் நின்று ஊளையிடும்.

அதனால் வந்த முதல் வாரத்திலேயே சிலவற்றைத் தனித்தனியாக்கிவிடுங்கள். இரண்டு சாப்பாட்டுக் கிண்ணம், ஒன்றுக்கொன்று எட்டாத தூரத்தில். இரண்டு படுக்கை. தினமும் ஒருமுறையாவது ஒரு குட்டியை மட்டும் நடைக்குக் கூட்டிப் போங்கள். மற்றது வீட்டில் இன்னொருவரோடு இருக்கட்டும். “உட்கார்”, “வா”, “விடு” என்பதையும் ஒவ்வொன்றுக்கும் தனியாக, ஐந்தைந்து நிமிடம் சொல்லிக்கொடுங்கள். ஐந்து நிமிடம் போதும். குட்டியின் கவனம் அதற்கு மேல் நிற்காது.

அடுத்து, எல்லோருக்கும் தலைவலி தரும் சிறுநீர் விஷயம். இரண்டு மாதக் குட்டியால் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் அடக்க முடியாது. தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் கட்டாயம் போகும். அந்த மூன்று நேரத்திலும் நீங்களே தூக்கிக்கொண்டு போய், நீங்கள் முடிவு செய்த இடத்தில் விடுங்கள். தடுப்பூசி முடியும்வரை அந்த இடம் உங்கள் பால்கனியாகவோ குளியலறையாகவோ இருக்கட்டும். சரியான இடத்தில் போனால் அந்த நொடியே பாராட்டி, தின்ன ஏதாவது கொடுங்கள். தவறான இடத்தில் போயிருந்தால் மூக்கை அதில் தேய்ப்பது, அடிப்பது எதுவும் வேண்டாம். குட்டிக்கு அதன் காரணம் புரியாது. உங்களுக்குத் தெரியாமல் சோபாவுக்குப் பின்னால் போய் இருக்கக் கற்றுக்கொள்ளும், அவ்வளவுதான். துடைத்த இடத்தில் வாடை மிச்சமிருந்தால் மறுபடி அங்கேயே போகும். பினாயில் நம் மூக்கைத்தான் ஏமாற்றும், நாயின் மூக்கை ஏமாற்றாது. சிறுநீர் வாடையை முறிக்கும் என்சைம் திரவம் செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கிறது.

ஒரு நாளில் பதினெட்டு மணி நேரம்வரை தூங்க வேண்டிய வயது அது. தூக்கம் கெட்ட குட்டிதான் வெறிபிடித்ததுபோல் ஓடி, செருப்பையும் திரைச்சீலையையும் கடிக்கும். குழந்தைகள் பள்ளி விட்டு வந்ததும் தூங்கும் குட்டியை எழுப்பி விளையாடுவதை நிறுத்துங்கள். நான்காம் மாதத்தில் பால் பல் விழ ஆரம்பித்து, ஆறேழு மாதத்துக்குள் 42 பற்கள் வந்துவிடும். அதுவரை ஈறு ஊறும், எதையாவது கடித்தே தீரும். ஈரத் துணியை முறுக்கி ஃப்ரீசரில் வைத்து, நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது கொடுத்துப் பாருங்கள். மேஜைக்கால் பிழைக்கும்.

சாப்பாட்டில் நம் சமையலறையில்தான் ஆபத்து அதிகம். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். ஆகவே சாம்பார் சாதம் வேண்டாம். திராட்சை, உலர்திராட்சை சிறுநீரகத்தைப் பாதிக்கும். விசேஷ நாளில் பாசத்தோடு கிண்ணத்தில் ஊற்றும் பாயசத்தில் அதுதான் இருக்கிறது. சாக்லேட் கூடாது. காய்ச்சல் என்று நீங்களாகவே நம் வீட்டு மாத்திரை எதையும் கொடுக்கக் கூடாது. நான்கு மாதம்வரை ஒரு நாளைக்கு நான்கு வேளை கொஞ்சம் கொஞ்சமாக, பிறகு மூன்று, ஆறு மாதத்துக்கு மேல் இரண்டு வேளை. இது பெரும்பாலான குட்டிகளுக்குப் பொருந்தும்.

தடுப்பூசியில் மட்டும் தள்ளிப்போடுதல் வேண்டாம். ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம்வரை கூட்டுத் தடுப்பூசி. மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி. பிறகு மருத்துவர் சொல்லும் தேதியில் மறு ஊசி. பார்வோ வைரஸ் மண்ணில் பல மாதங்கள் உயிரோடு இருக்கும். எலிச் சிறுநீர் கலந்த மழைநீரில் எலிக்காய்ச்சல் வரும். அது நாய்க்கும் வரும், நமக்கும் வரும். நம் பேஸ்மென்ட்டில் நவம்பரில் தண்ணீர் தேங்குவது உங்களுக்குத் தெரியும். ஊசி முடியாத குட்டியைத் தரையில் விடாமல் கையில் தூக்கிக்கொண்டு வளாகத்தைச் சுற்றுங்கள். லிப்ட் சத்தம், மிக்ஸி சத்தம், குடை, தள்ளுவண்டி, சீருடை எல்லாம் அந்த வயதில் பழகிவிட்டால் பிறகு அவற்றைப் பார்த்துக் குரைக்காது.

ஆணும் பெண்ணுமாக எடுத்தவர்கள் கவனியுங்கள். பெண் குட்டி ஆறு மாதத்திலேயே பருவத்துக்கு வரக்கூடும். உடன்பிறப்பு என்ற கணக்கு நாய்களிடம் இல்லை. சுமார் 63 நாளில் வீட்டில் ஆறேழு குட்டிகள் இருக்கும். எனவே ஐந்தாம் மாதத்திலேயே கருத்தடை அறுவை பற்றி மருத்துவரிடம் பேசிவிடுங்கள். எங்கள் வீட்டில் இரண்டுக்கும் ஆகிவிட்டது.

இப்போது நமக்குள் பேச வேண்டியது. இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-ல் வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, நாய் வளர்க்கக் கூடாது என்று பெரும்பான்மைத் தீர்மானம் போட்டும் சங்கம் தடுக்க முடியாது. லிப்டைப் பயன்படுத்தவும் தடை போட முடியாது. நாய் வளர்ப்பவர்கள் இதைக் கேட்டுக் கைதட்டுகிறீர்கள். மறுபக்கத்தையும் கேளுங்கள். நம் நாயால் பிறர் உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து வரும்படி அலட்சியமாக இருந்தால், பாரதிய நியாய சன்ஹிதா 291-ஆம் பிரிவின்படி ஆறு மாதம்வரை சிறை, அல்லது 5,000 ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். சென்னை மாநகராட்சியில் வளர்ப்பு நாய்க்கு உரிமம் எடுக்க வேண்டும். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். அதற்கு வெறிநோய்த் தடுப்பூசிச் சான்று தேவை. வளர்த்த நாயைத் தெருவில் விட்டுவிடுவது 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். எங்கள் தளத்தில் வாக்கர் பிடித்து நடக்கும் பாட்டி ஒருவர் இருக்கிறார். லிப்ட் கதவு திறந்ததும் பத்துக் கிலோ குட்டி பாசத்தோடு தாவினால்கூட அவர் விழுவார். அந்த வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் பழைய நடை திரும்புவது கடினம். “ஒன்றும் செய்யாதுங்க, விளையாடுது” என்று நாம் சொல்லும் வார்த்தையால் அவருக்கு எந்தப் பயனும் இல்லை. அதேபோல், புகாருக்குப் பயந்து ஒரு குடும்பம் ஆறு மாதக் குட்டிகளை ஏரிக்கரையில் இறக்கிவிட்டு வந்தால், மின்விசிறிக்கு அடியில் வளர்ந்த குட்டிகளுக்கு அங்கே பிழைக்கத் தெரியாது.

ஆகவே நாய் வளர்ப்போருக்கு: வீட்டு வாசலைத் தாண்டினால் கயிறு கட்டாயம், கையளவு நீளத்தில். லிப்டில் யாராவது இருந்தால், “வரலாமா?” என்று கேளுங்கள், தயங்கினால் அடுத்த லிப்டுக்குக் காத்திருங்கள். இரண்டு நாயை ஒரே ஆள், அதுவும் சிறுவர், லிப்டில் கூட்டிவர வேண்டாம். பழைய செய்தித்தாளோ பையோ எடுத்துச் சென்று அசுத்தத்தை நீங்களே அள்ளுங்கள். அது ஹவுஸ்கீப்பிங் அம்மாக்களின் வேலை அல்ல. மே மாதத்தில் புறங்கையைத் தரையில் வைத்துப் பாருங்கள். ஏழு நொடி வைக்க முடியாவிட்டால் நாயின் பாதத்துக்கும் அது சூடுதான். தனியாக விட்டுப் போகும்போது குரைக்கிறதா என்று பக்கத்து வீட்டில் நீங்களே கேளுங்கள். குரைத்தால் ஐந்து நிமிடம், பத்து நிமிடம், அரை மணி என்று தனிமையைப் பழக்குங்கள்.

மற்றவர்களுக்கு: குழந்தைகளிடம் நாயைக் கண்டு ஓடாதே, மரம்போல நில் என்று சொல்லிக்கொடுங்கள். தொட ஆசையென்றால் முதலில் வளர்ப்பவரிடம் கேட்க வேண்டும். தலையில் கை வைக்காமல், நாய் முகர்ந்து பார்த்த பிறகு மார்பில் தடவ வேண்டும். எந்த நாய் கடித்தாலும் கீறினாலும் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் வேண்டாம். அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். அரசு மருத்துவமனையில் ஊசி இலவசம். வெறிநோய் அறிகுறி வந்துவிட்டால் காப்பாற்ற வழி இல்லை. அதற்கு முன் ஊசி போட்டால் தடுத்துவிடலாம். அது வீட்டு நாய்தானே என்று இருந்துவிடாதீர்கள்.

புகார் இருந்தால் வாட்ஸ்அப் குழுவில் போடுவதற்கு முன் எங்கள் கதவைத் தட்டுங்கள். வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்கு விளையாட்டுத் திடலுக்குப் பின்புறம் செவலையும் கருப்பனும் கயிற்றோடு இருக்கும். பயம் உள்ள குழந்தைகள் பெற்றோருடன் வரட்டும். தொட வேண்டியதில்லை. தூரத்தில் நின்று பார்த்தாலே போதும்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.