படுத்திருந்தால் இருதயம் என்ன செய்யும்?

வழமையாக வருமான வரியைப் பற்றிக் கதைக்கிற நான் இன்று இருதயத்தைப் பற்றிக் கதைக்கப் போகிறேன். நான் வைத்தியன் அல்ல, கணக்காளன். ஆனால் போன பனிக்காலத்தில், வெஸ்ட் வின்ட்சரில் எங்கள் வீட்டு வாசலில் அம்மா சறுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அதனால் தேடிப் படித்த விசயங்கள் இவை.

சத்திரசிகிச்சைக்கு மறுநாளே தாதி அம்மாவை எழுந்து நிற்கச் சொன்னார். எனக்குக் கோபம். "82 வயது மனுசி, படுத்திருக்கட்டும்" என்றேன். வீட்டுக்கு வந்த பிறகும் கட்டிலை விட்டு இறங்க விடவில்லை. சாப்பாடும் கட்டிலுக்கே போனது. மூன்றாம் கிழமை எழும்பியபோது அம்மா கண் இருண்டு என் கையில் சரிந்தார்.

விண்வெளியிலிருந்து திரும்புகிறவர்களுக்கும் இப்படித் தலை சுற்றுவதுண்டு. 1984 ஏப்ரலில் ராகேஷ் சர்மா சல்யூட் 7 நிலையத்தில் இருந்தபோது, இருதயத்தின் மின் இயக்கத்தைப் பதிவு செய்வதும் அவருடைய வேலைகளில் ஒன்று. எல்லோரையும் மேலே அனுப்ப முடியாது. ஆகவே ஆராய்ச்சியாளர்கள் ஆட்களைத் தலைப்பக்கம் 6 பாகை தாழ்ந்த கட்டிலில் நாட்கணக்காகப் படுக்க வைக்கிறார்கள். கால்களில் நிற்க வேண்டிய இரத்தம் நெஞ்சுக்கும் தலைக்கும் ஏறுகிறது. நீர் மிதமிஞ்சிவிட்டது என்று நினைத்து உடல் அதைச் சிறுநீராக வெளியேற்றுகிறது. இரத்தத்தின் அளவு குறைகிறது. வேலை குறைந்த இருதயத் தசையும் மெலிகிறது.

மின் இயக்கமும் மாறுகிறது. ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இருதயம் மின்னளவில் பழைய நிலைக்குத் திரும்புவதை ஈ.சி.ஜி.யில் டி அலை காட்டும். 2005இல் வெளியான ஆய்வொன்றில் 24 ஆரோக்கியமான ஆண்கள் 9 முதல் 16 நாட்கள் இப்படிப் படுத்தார்கள். டி அலை ஒரு துடிப்பில் கூடி மறு துடிப்பில் குறையும் நுண்ணிய மாற்றம் முன்பு 17 சதவீதமானோரிடம் இருந்தது. பின்பு 42 சதவீதமானோரிடம் காணப்பட்டது. கண்ணுக்குத் தெரியாத இந்த மாற்றத்தைக் கணினிதான் பிடிக்கும். அது நோயல்ல. ஆனால் துடிப்பு தறிகெடக்கூடும் என்பதற்கான அறிகுறியாக வைத்தியர்கள் கவனிப்பது.

டெக்சாசின் டல்லஸ் நகரில் 1966இல் ஐந்து இளைஞர்கள் 20 நாட்கள் படுத்தார்கள். 30 ஆண்டுகளின் பின் அதே ஐவரையும் சோதித்தார்கள். அந்த மூன்று கிழமைப் படுக்கை உடல் வலுவைக் குறைத்த அளவுக்கு 30 ஆண்டு முதுமைகூடக் குறைக்கவில்லை.

1995 ஒக்டோபர் 30 இரவு நாவற்குழிப் பாலத்தை நடந்தே கடந்தவர் எங்கள் அம்மா. அவரை அன்பினால் படுக்க வைத்தவன் நான்.

இப்போது பயிற்சியாளர் சொன்னபடி தினமும் தபால் பெட்டி வரை நடக்கிறார். உங்கள் வீட்டிலும் வயதானவர்கள் படுக்கையில் இருந்தால், எப்போது எழுப்பலாம் என்று வைத்தியரிடம் கேளுங்கள். முதலில் கட்டில் விளிம்பில் இருத்தி, கையைப் பிடித்து மெதுவாக எழுப்புங்கள்.

அடுத்த மாதம் வரிக் கணக்கோடு வருகிறேன்.