பத்திரிகையில் படம் வந்தால் போதுமா?

(சேலம், நாமக்கல் மாவட்ட இளைஞர்களிடையே ஆற்றிய உரையின் சுருக்கம்)

 



முஸ்லிம் இளைஞன் ஒருவனின் படம் பத்திரிகையில் வந்தால், செய்தியைப் படிக்கும் முன்பே நம் வீட்டுப் பெற்றோரின் நெஞ்சு படபடக்கிறது. என்ன வழக்கோ, யாரைப் பிடித்தார்களோ என்ற அச்சம்! ஆகவே, நம் பிள்ளை ஒருவன் மக்களுக்குப் பயன்படும் ஒன்றைச் செய்தான் என்று செய்தி வரும்போது உள்ளம் குளிர்வது இயற்கையே. ஆனால் அந்த மகிழ்ச்சியோடு நாம் நின்றுவிடலாமா என்பதே உங்கள் முன் நான் வைக்கும் கேள்வி.

ராஜஸ்தான் மாநிலம் ஆல்வாரைச் சேர்ந்தவர் இம்ரான் கான். அரசு சமஸ்கிருதப் பள்ளியில் கணித ஆசிரியர். கணினித் துறையில் பட்டம் பெற்றவரல்லர். தம்பியின் புத்தகங்களைப் படித்துத் தாமே கற்றுக்கொண்டவர். மாணவர்களுக்காக 50க்கும் மேற்பட்ட செயலிகளை உருவாக்கி இலவசமாகவே வழங்கினார். 13.11.2015 அன்று லண்டன் வெம்ப்ளி அரங்கில் பிரதமர் நரேந்திர மோடி, ஆல்வாரின் இம்ரான் போன்றவர்களிடம்தான் தமது இந்தியா இருக்கிறது என்ற கருத்தில் பேசினார். மறுநாள் எல்லாப் பத்திரிகைகளும் இம்ரானின் வீட்டைத் தேடி ஓடின. இலவச இணைய இணைப்பும் வந்து சேர்ந்தது.

மாஷா அல்லாஹ்! ஆனால் அடுத்து நடந்ததையும் மறக்காதீர்கள். 2017 ஏப்ரல் 1ஆம் தேதி, அதே ஆல்வார் மாவட்டத்தில் அன்று இருந்த பெஹ்ரோரில், ஜெய்ப்பூர்ச் சந்தையில் மாடு வாங்கித் திரும்பிய பால் விவசாயி பெஹ்லு கான், பசுப் பாதுகாவலர் என்று சொல்லிக்கொண்ட கும்பலால் தாக்கப்பட்டார். இரண்டு நாட்களில் இறந்தார். 2019 ஆகஸ்டில் குற்றம் சாட்டப்பட்ட ஆறு பேரையும் கீழ் நீதிமன்றம் விடுவித்தது. ஒரு இம்ரானுக்குக் கிடைத்த பாராட்டு ஒரு பெஹ்லு கானின் உயிரைக் காக்கவில்லை. நாட்டில் நம் உரிமை அரசியல் சட்டம் தந்த உரிமை. சாதனை செய்து காட்டிப் பெறவேண்டிய நற்சான்றிதழ் அல்ல அது!

இனி நமக்கு அருகே வருவோம். பரமத்தி வேலூர்ப் பாலத்தில் காவிரியைக் கடந்தால் கரூர் மாவட்டம். அங்குள்ள பள்ளப்பட்டியின் ரிஃபாத் ஷாரூக், 2017இல் 18 வயது இளைஞர். ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா குழுவினருடன் அவர் உருவாக்கிய கலாம்சாட்டின் எடை 64 கிராம். நாமக்கல் பண்ணையின் பெரிய முட்டை ஒன்றின் எடை! 22.6.2017 அன்று அமெரிக்காவின் வாலப்ஸ் தளத்திலிருந்து நாசாவின் ராக்கெட்டில் அது பறந்தது.

அந்த ராக்கெட் மேலே சென்று சில நிமிடங்களில் கீழே இறங்கிவிடும் ஆய்வு ராக்கெட். சில ஊடகங்களோ அது பூமியைச் சுற்றுவது போலவே எழுதிவிட்டன. செய்தி வந்தால் தீர விசாரியுங்கள் என்று ஸூரத்துல் ஹுஜுராத்தின் 6ஆம் வசனம் நமக்குக் கட்டளையிடுகிறது. நம்மைப் பழிக்கும் செய்திக்கு மட்டுமா அந்தக் கட்டளை? நம்மைப் புகழும் செய்திக்கும் அது பொருந்தும். மிகைப்படுத்தியதை நாமும் பரப்பினால், உண்மை வெளிவரும் நாளில் அந்த இளைஞனுக்குத்தான் தலைகுனிவு. ஆனால் அந்தக் குழு உழைப்பை நிறுத்தவில்லை. 24.1.2019 அன்று இஸ்ரோவின் பி.எஸ்.எல்.வி. சி-44 ராக்கெட்டில் அவர்களின் கலாம்சாட் வி-2 உண்மையாகவே சுற்றுப்பாதையை அடைந்தது.

சகோதரர்களே! இம்ரானைப் பிரதமர் பாராட்டுவதற்கு முன்பே, அவருடைய இணையதளத்தைப் பார்த்து, செயலி உருவாக்குமாறு ஊக்குவித்தவர் அம்மாவட்ட ஆட்சியர். அப்படிப் பத்திரிகைக்கு முன்பே கண்டுகொள்ளும் கண் நம் ஜமாஅத்துகளுக்கு வேண்டாமா? 2006இல் வந்த சச்சார் அறிக்கை நம் கல்வி நிலையை எடுத்துச் சொல்லிவிட்டது. 2007இல் தமிழகத்தில் 3.5 சதவீத இட ஒதுக்கீடும் பெற்றோம். அந்த இடங்களில் படித்து வெளிவந்த பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று எத்தனை மஹல்லாக்களில் கணக்கு இருக்கிறது?

தேவைகளைத் தேடி வெளியூர் போக வேண்டாம். நாமக்கல் லாரி ஓட்டுநருக்கு எஃப்.சி., பர்மிட், இன்சூரன்ஸ் தேதிகளைத் தமிழில் குரலாகவே நினைவூட்டும் செயலி வேண்டும். திருச்செங்கோட்டு ரிக் வண்டியோடு வடமாநிலம் போகும் தொழிலாளிக்கு, அங்கே நோயுற்றால் உதவி கேட்க வழி வேண்டும். இவை முஸ்லிமுக்கு மட்டுமல்ல, எல்லாச் சமூகத்து மக்களுக்கும் பயன்பட வேண்டும்.

ஆகவே ஒவ்வொரு ஜமாஅத்தும் ஓர் அறையை ஒதுக்குங்கள். சில கணினிகள், இணைய இணைப்பு, மாலையில் இரண்டு மணி நேரம் கற்றுத்தர நம் பட்டதாரிகள். பெண் பிள்ளைகளுக்கும் அங்கே இடம் இருக்கட்டும். திருமண மண்டப அலங்காரத்துக்குச் செலவாகும் பணத்தில் ஒரு பங்கு போதும்.

பத்திரிகைக்காரர் வரும் நாளில், உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். உடன் உழைத்தவர்களின் பெயரையும் சொல்லுங்கள். அவர் வராவிட்டாலும் வேலை நடக்கட்டும். கூலி தருபவன் அல்லாஹ். அவன் நம் முயற்சிகளை ஏற்றுக்கொள்வானாக! ஆமீன்.