நிறுவ முன் ஓட்டிப் பாருங்கள்



விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான மைக்ரோசொஃப்டின் வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிந்தது. விண்டோஸ் 11ஐ ஏற்காத பழைய கணினிகள் ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் எங்களவர் வீடுகளில் நிறைய இருக்கின்றன. அவற்றை எறியாமல் லினக்ஸ் போடலாமா என்று பலர் என்னிடம் கேட்கிறார்கள். போடலாம். ஆனால் முதலில் ஓட்டிப் பாருங்கள்.

ஊர்ப் படங்கள், அகதிக் கோரிக்கைக்கு எழுதிய கடிதங்கள், அம்மம்மாவின் குரல்பதிவு என்று வேறெங்கும் பிரதி இல்லாதவை அந்த வன்தட்டில் கிடக்கும். நிறுவும்போது வன்தட்டை முழுதாக அழிக்கும் தெரிவை அழுத்திவிட்டால் போனது போனதுதான்.

ஓட்டிப் பார்க்கும் வழி புதிதல்ல. ஜெர்மனியின் கிளவுஸ் நொப்பர் 2000இல் வெளியிட்ட நொப்பிக்ஸ், இறுவட்டிலிருந்தே ஓடியது. 2006 ஜூனில் வந்த உபுண்டு 6.06இல், ஓட்டிப் பார்த்த அதே இறுவட்டிலிருந்தே நிறுவவும் முடிந்தது.

இன்று இறுவட்டுக்குப் பதிலாக 8 ஜிபி யூஎஸ்பி ஸ்டிக் போதும். லினக்ஸ் மின்ட் கோப்பைத் தரவிறக்கி, ரூஃபஸ் என்ற இலவச மென்பொருளால் அதில் எழுதுங்கள். ஸ்டிக்கில் முன்பிருந்தவை அழிந்துவிடும், கவனம். பிறகு ஸ்டிக்கைச் செருகிக் கணினியைத் தொடக்குங்கள். தொடங்கும்போது எஃப்12 போன்ற ஒரு விசையை அழுத்தி ஸ்டிக்கைத் தெரிவு செய்ய வேண்டும். எந்த விசை என்பது கணினிக்குக் கணினி மாறும்.

லினக்ஸ் இப்போது கணினியின் நினைவகத்தில் ஓடுகிறது. நீங்களாக வன்தட்டைத் திறந்து எதையும் மாற்றாதவரை அது அப்படியே இருக்கும். திரையிலுள்ள 'இன்ஸ்டோல்' படத்தை மட்டும் தொடாதீர்கள்.

நான் பார்க்கும் ஒழுங்கு இது: வைஃபை, ஒலி, கமரா, பிரின்டர், கடைசியாகத் தமிழ். யூனிகோட் தமிழ் நேராகவே தெரியும். பாமினியில் தட்டிய பழைய கடிதங்கள் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம், கடிதம் பழுதாகவில்லை. பாமினி எழுத்துருவைச் சேர்த்தால் தமிழ் திரும்பிவிடும்.

ஸ்டிக்கிலிருந்து ஓடும்போது வேகம் குறைவாக இருக்கும். அதை வைத்து லினக்ஸை எடைபோடாதீர்கள்.

எல்லாம் சரியென்றாலும் அன்றே நிறுவ வேண்டாம். படங்களையும் கடிதங்களையும் வெளி வன்தட்டு ஒன்றில் பிரதி எடுத்து, அதை இன்னொரு கணினியில் திறந்து சரிபாருங்கள். அதன்பின் நிறுவுங்கள். பிடிக்கவில்லையா? கணினியை நிறுத்தி ஸ்டிக்கைக் கழற்றுங்கள். பழைய விண்டோஸ் அப்படியே திரும்ப வரும்.