பூட்டிய வீடெல்லாம் காலி வீடா?

கல்வராயன் மலையில் வெள்ளிமலையிலிருந்தும் கரியாலூரிலிருந்தும் இன்றைய கூலியை விட்டுவிட்டு இறங்கி வந்திருக்கும் சொந்தங்களே!

தேர்தல் நேர்மையாக நடக்க ஊர்வலம் எதற்கு, கோர்ட்டுக்குப் போகலாமே என்கிறார்கள். வாக்காளர் பட்டியல் திருத்தத்தை எதிர்த்துப் பீகாரில் கோர்ட்டுக்கும் போனார்கள், தெருவுக்கும் வந்தார்கள். வரைவுப் பட்டியலில் விடுபட்ட 65 லட்சம் பேரின் பெயரையும் காரணத்தையும் ஊரறியச் சொல் என்று 2025 ஆகஸ்ட் 14 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது. கேட்காமல் கிடைத்ததா அது?

நம் கதைக்கு வருவோம். 2025 டிசம்பர் 19 அன்று வந்த வரைவுப் பட்டியலில் தமிழ்நாட்டில் 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்களைக் காணவில்லை. ஏறக்குறைய 27 லட்சம் பேர் இறந்துவிட்டார்களாம். சரி, எடுக்கட்டும், செத்தவர் வந்து ஓட்டுப் போட்டுவிட்டுப் போன கதை நமக்கும் தெரியும். மீதியில் 66 லட்சம் பேர்? இடம் மாறியவர்கள், முகவரியில் இல்லாதவர்கள் என்கிறது தேர்தல் ஆணையம்.

கல்வராயன் மலைக்காரன் கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் தோட்ட வேலைக்குப் போகிறான், கட்டட வேலைக்குப் போகிறான். அவன் வீடு இங்கே, காடு இங்கே, குலசாமி இங்கே. கதவில் பூட்டைப் பார்த்ததும் ஊரை விட்டே போய்விட்டான் என்று எழுதுவதா? பூட்டிய வீடெல்லாம் காலி வீடா?

இன்னொரு கூத்தைக் கேளுங்கள். 2002, 2005 பட்டியலில் உன் பெயரோ உன் அப்பன் பெயரோ இருக்கிறதா என்று கேட்கிறார்கள். யாரிடம்? ஜாகீர்தார்கள் பிடியிலிருந்து 1976-இல்தான் அரசின் கைக்கு வந்த மலையில்! இந்த மக்களுக்கு ஓட்டுரிமையே 1996-இல்தான் கிடைத்தது என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் மலை மக்கள் நிலை பற்றிய வழக்கிலேயே எடுத்துச் சொல்லப்பட்டது. அந்த வழக்கும் எப்போது வந்தது? 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்த பிறகு. சாராயம் என்றால் உடனே நம் மலை ஞாபகம் வருகிறது. வாக்காளர் என்றால் வருவதில்லை. இருபது வருஷம் தாமதமாக ஓட்டைக் கொடுத்தவன், பழைய ரசீதை எடு என்று அதிகாரம் பண்ணுகிறான்!

ஊர்வலம் எதற்கு என்பவர்களுக்கு இன்னொரு கதை. மலேசியாவில் 2007 நவம்பர் 10 அன்று மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு பல்லாயிரம் பேர் கோலாலம்பூர் வீதிக்கு வந்தார்கள். பெர்சே இயக்கம் என்று பெயர். சுத்தமான பட்டியல் கொடு, விரலில் மை வை என்றார்கள். அந்நாட்டுத் தேர்தல் ஆணையம் இந்தியாவிலிருந்து மை வாங்கியும் வைத்தது. 2008 தேர்தலுக்கு நாலு நாள் முன்பு வேண்டாம் என்று விட்டுவிட்டது. விடவில்லை ஜனங்கள். 2011-இல் அம்பிகா சீனிவாசன் தலைமையில் கண்ணீர்ப் புகைக்கு நடுவே மறுபடியும் நின்றார்கள். 2013-இல் மை வந்தது. கழுவினால் போகிறது என்று புகாரும் வந்தது, அது வேறு சங்கதி.

நம் விரலுக்கு மை இருக்கிறது. பட்டியலில் பெயர்தான் இல்லை. பேர் விட்டுப்போனால் படிவம் 6 கொடு என்கிறார்கள். அது புதிய வாக்காளருக்கான படிவம். 2024-இல் ஓட்டுப் போட்ட கிழவி 2026-இல் புது வாக்காளரா? நீக்கியவர்தான் காரணம் காட்ட வேண்டும். கலெக்டர் அலுவலகத்தைக் கேட்கிறோம்: முகாமைக் கீழே போடாதீர்கள், ஒவ்வொரு மலைக் கிராமத்துக்கும் ஏறி வாருங்கள். வெளியூரில் இருப்பவரின் வீட்டாரிடம் விசாரித்து எழுதுங்கள்.

அதுவரை சும்மா இருக்கவும் முடியாது. எழுதத் தெரிந்த பிள்ளைகள் மேடைக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருக்கிறார்கள். பட்டியலும் அவர்களிடமே இருக்கிறது. உங்கள் பெயரோடு, வேலைக்குப் போயிருக்கும் மகன், மருமகள் பெயரையும் பார்த்துவிட்டுப் பஸ் ஏறுங்கள்.